முஅம்மா: மறைத்துச் சொல்லும் கலையின் வரலாறு

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் தம் தோழர்கள் சூழ அமர்ந்திருந்த வேளையில் அவர்களை நோக்கி ஒரு வினாவைத் தொடுத்தார்கள். மரங்களுள் ஒரு மரம் உண்டு; அதன் இலை உதிர்வதில்லை; அது முஸ்லிமுக்கு உவமையாகும்; அஃது எம்மரம் என்பதே அவ்வினாவின் கருத்து. தோழர்களின் எண்ணமெல்லாம் பாலைவனத்து மரங்களை நோக்கி ஓடிற்று. அவையில் மிக இளையவராக இருந்த இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் மட்டும் அது பேரீச்ச மரம் என்பது பட்டது. எனினும், பெரியோர்கள் வாய் திறவாதிருக்கத் தாம் முந்திக்கொள்ள நாணி அவர் மௌனமாயிருந்தார். பின்னர் நபியவர்களே விடையைப் பகர்ந்தார்கள். மகன் பிறகு தம் உள்ளத்தில் தோன்றியதைக் கூறியபோது, அதை நீ அவையிலேயே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ உவப்பாக இருந்திருக்குமே என்றார்கள் தந்தை உமர் (ரலி) அவர்கள்.

இந்த நபிமொழியை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் கல்வி பற்றிய பகுதியில் சேர்த்திருக்கிறார்கள். தலைவர் தம் தோழர்களின் அறிவைச் சோதிக்கும் பொருட்டு அவர்கள் முன் வினாவை வைத்தல் என்னும் கருத்தில் அதற்குத் தலைப்பும் இட்டிருக்கிறார்கள். புதிர் போடுதலும் அதை விடுவித்தலும் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கத் தக்கன அல்ல என்பதற்கு இது ஒன்றே போதிய சான்றாகும்.

இந்நபிமொழிக்கு விளக்கம் எழுதிய ஹாஃபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள், கி.பி. 1372 முதல் 1449 வரை வாழ்ந்த மாமேதை. தம் ஃபத்ஹுல் பாரியில் அவர்கள் இரண்டு நுட்பங்களைச் சுட்டுகிறார்கள். அவ்வேளையில் நபியவர்களின் முன் பேரீச்சங்குருத்து கொண்டுவரப்பட்டிருந்தது. இப்னு உமர் (ரலி) அதைக் கண்ணுற்றே விடையை ஊகித்தார். ஆகவே, புதிரை விடுவிப்பவர் சூழ்நிலைக் குறிப்புகளைக் கூர்ந்து நோக்க வேண்டும் என்பது ஒன்று. புதிர் போடுபவர் விடுவிப்பவர் நுழைவதற்கு ஒரு வாயிலும் இல்லாதவாறு அடியோடு மறைத்துவிடலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது நுட்பத்தை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் இதே சட்டத்தை வேறு சிலர் வகுத்ததைப் பின்னர்க் காண்போம்.

குறிப்பும் அதன் இரு முகங்களும்

இன்று நாளிதழ்களில் வரும் குறுக்கெழுத்துப் புதிர்கள் இருவகைப்படும். ஒரு சொல்லின் பொருளைக் கூறி அச்சொல்லைக் கேட்பது எளிய வகை. ஆங்கிலேயரிடையே வளர்ந்த மற்றொரு வகையில் ஒவ்வொரு குறிப்பும் வெளித்தோற்றத்தில் ஒரு பொருளையும் உள்ளே வேறொரு பொருளையும் கொண்டிருக்கும். குறிப்பின் ஒரு பகுதி விடையின் பொருளைச் சொல்லும். மறுபகுதி அவ்விடையின் எழுத்துகளைக் கட்டும் வழியைச் சொல்லும். இரண்டும் ஒரே சொல்லில் வந்து கூடினால் விடை சரியென்று விடுவிப்பவரே அறிந்துகொள்ளலாம்.

தமிழில் ஓர் எடுத்துக்காட்டு அமைத்துக் காட்டலாம். ‘தலையிழந்த பகல் சிலையானது’ என்பது குறிப்பு. விடை 2 எழுத்து. படிப்பவர் மனத்தில் ஏதோ ஒரு சோகக் கதை தோன்றும். ஆனால் பகல் என்னும் சொல்லின் தலையெழுத்தை நீக்கினால் எஞ்சுவது ‘கல்’. சிலை என்பதற்குக் கல் என்றும் பொருளுண்டு. கதை கலைந்து விடை வெளிப்படுகிறது.

இத்தகைய சொல்விளையாட்டு நம் தாய்மொழிக்குப் புதிதன்று. தொல்காப்பியம் பிசி என்று ஒன்றை இலக்கிய வகையுள் வைக்கிறது. தண்டியலங்காரம் கூறும் சித்திர கவிகளுள் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டுவது எழுத்து வருத்தனம், குறைப்பது அக்கரச்சுதகம், திருப்பிப் படித்தாலும் மாறாதது மாலைமாற்று, ஒரு செய்யுளுக்குள் மற்றொன்றை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள். தமிழ்ப் புலவர் இவற்றைப் பயின்ற காலத்தில் அரபு நாட்டில் இதே துறை ஒரு விஞ்ஞானமாகவே வளர்ந்தது. அவ்வரலாறு நம் குடும்பங்களில் அவ்வளவாக அறியப்படவில்லை.

கலீலின் கண்டுபிடிப்பு

மறைத்துக் கூறப்பட்டதை அரபியில் முஅம்மா என்பர். ‘குருடாக்கப்பட்டது’ என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். பொருளை நோக்கி நடக்கும் கண்ணை மறைத்துவிடுவதால் இப்பெயர். அதை விடுவிப்பதற்கு இஸ்திக்ராஜுல் முஅம்மா என்று பெயர்.

இத்துறையில் முதல் நூல் இயற்றியவராக அறியப்படுபவர் பஸராவின் இமாம் கலீல் இப்னு அஹ்மத் அல்ஃபராஹீதி (ரஹ்) அவர்கள். கி.பி. 718இல் பிறந்த இவர்களே அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவர்கள். கிதாபுல் ஐன் என்னும் முதல் அரபு அகராதிக்கு அடிகோலியவர்களும் இவர்களே. அவ்வகராதியின் அமைப்பு வியப்புக்குரியது. மூன்று மெய்யெழுத்துகளை எடுத்துக்கொண்டால் அவற்றை 6 வகையாக மாற்றி அடுக்கலாம். நான்கை 24 வகையாகவும் ஐந்தை 120 வகையாகவும் அடுக்கலாம். இவ்வடுக்குகள் அனைத்தையும் ஒரே தலைப்பின் கீழ் ஆராய்ந்து, அவற்றுள் வழக்கில் உள்ளவை எவை, இல்லாதவை எவை என்று பிரித்தார்கள். காஃப், தா, பா என்னும் மூன்றையும் அடுக்கினால் ‘கதப’ எழுதினான் என்றும், ‘கபத’ இழிவுறச் செய்தான் என்றும், ‘பதக’ அறுத்தான் என்றும் பொருள்படும். எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதுச்சொல் காண்பது இன்றைய குறுக்கெழுத்தின் முதன்மையான உத்தி. கலீல் அவர்கள் அதைக் கொண்டு ஒரு மொழியின் முழுச் சொற்செல்வத்தையும் அளந்து காட்டினார்கள்.

ரோமப் பேரரசிலிருந்து மறையெழுத்தில் வரையப்பட்ட ஒரு கிரேக்கக் கடிதம் அவர்களிடம் வந்ததாகவும், ஒரு மாத காலம் முயன்று அதை விடுவித்ததாகவும், கி.பி. 989இல் மறைந்த ஸுபைதி தம் இலக்கண அறிஞர் வரலாற்று நூலில் குறிப்பிடுகிறார். எவ்வாறு இயன்றது என வினவியபோது, கடிதம் இறைவன் பெயரைக் கொண்டோ அதைப் போன்ற ஒன்றைக் கொண்டோ தொடங்கியிருத்தல் வேண்டும் என்று கருதி, முதல் எழுத்துகளை அதன்மேல் பொருத்தி, அதையே அடிப்படையாக வைத்து முன்னேறினேன் என்னும் கருத்தில் விடையளித்தார்களாம். இந்த அனுபவத்தின் பின்னரே அவர்கள் கிதாபுல் முஅம்மாவை இயற்றினார்கள். அந்நூல் இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

எழுத்தை எண்ணிய தத்துவஞானி

கலீலுக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்துப் பக்தாதில் வாழ்ந்தவர் அபூ யூசுஃப் யஃகூப் அல்கிந்தி. ஏறத்தாழ 801 முதல் 873 வரை வாழ்ந்த இவரை அரபுகளின் தத்துவஞானி என்று உலகம் போற்றும். மருத்துவம், இசை, ஒளியியல், கணிதம் எனப் பல துறைகளில் நூல் செய்த இவர் முஅம்மாவை விடுவிப்பது பற்றியும் ஒரு சிறு நூல் எழுதினார்.

அவர் கூறும் வழி எளிது. ஒவ்வொரு மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும். சில அருகியே வரும். மறைக்கப்பட்ட கடிதம் எம்மொழியினது என்று தெரிந்தால், அம்மொழியில் போதிய நீளமுள்ள ஒரு சாதாரண நூற்பகுதியை எடுத்து, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வரிசைப்படுத்துக. பிறகு மறையெழுத்துகளையும் அவ்வாறே எண்ணி வரிசைப்படுத்துக. இரு வரிசைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட, திரை விலகத் தொடங்கும். கிந்தி இதைச் சொல்லளவில் விட்டாரில்லை. 3,600க்கும் மேற்பட்ட அரபு எழுத்துகளைத் தாமே எண்ணிப் பட்டியலிட்டார். அதில் அலிஃப் முதலிடமும் லாம் இரண்டாமிடமும் மீம் மூன்றாமிடமும் பெற்றன. எந்த எழுத்து எதனோடு சேரும், எது எதனோடு சேராது என்பதையும் வகுத்துரைத்தார்.

இக்கலை முஸ்லிம்களிடையே முதலில் மலர்ந்தது ஏன்? திருமறையின் ஒவ்வோர் எழுத்தையும் பேணுவது கடமை என்று கருதிய சமுதாயம் அது. ஓதுவோர் எழுத்துகளை எண்ணினர். தஜ்வீது வல்லார் எழுத்துகளின் பிறப்பிடத்தை ஆராய்ந்தனர். இலக்கண அறிஞர் வேர்ச்சொற்களைத் தொகுத்தனர். கணிதமும் அதே நகரில் வளர்ந்தது. ஆட்சி அலுவலகங்களில் மறைவாக எழுத வேண்டிய தேவையும் இருந்தது. இவை யாவும் ஓரிடத்தில் கூடியபோது இக்கலை பிறந்தது.

கிந்தியோடு இது நிற்கவில்லை. மவ்ஸில் நகரத்து இப்னு அத்லான் (1187-1268) இலக்கண அறிஞர். புதிர்களை விடுவிப்பதில் புகழ் பெற்றவர். விடுவிப்பதற்கு ஏறத்தாழ 90 எழுத்துகளேனும் கொண்ட கடிதம் வேண்டும் என்று அளவு கூறினார். அடுத்த நூற்றாண்டில் இப்னுத் துரைஹிம் (1312-1361) இத்துறையை மேலும் விரித்தார். எகிப்தின் கல்கஷந்தி 1412இல் முடித்த ஸுப்ஹுல் அஃஷா என்னும் 14 பாகப் பெருநூலில் அவருடைய கருத்துகளைச் சேர்த்து வைத்தார். இப்னு கல்தூனும் தம் முகத்திமாவில், வரி, படைத்துறை அலுவலர்கள் நறுமணப் பொருள், பழம், பறவை, மலர் ஆகியவற்றின் பெயர்களை எழுத்துகளுக்குப் பதிலாக வைத்து எழுதியதைக் குறிப்பிடுகிறார்.

மகாமாத்தும் தவ்ரியாவும்

ஒரு சொல்லுக்கு அருகிலுள்ள பொருள் ஒன்று, தொலைவிலுள்ள பொருள் ஒன்று இருக்க, கேட்பவர் அருகிலுள்ளதைக் கொள்ள, சொல்பவர் தொலைவிலுள்ளதைக் கருதுவது தவ்ரியா எனப்படும். ஹிஜ்ரத்துப் பயணத்தின்போது அபூபக்ர் (ரலி) அவர்களிடம், உம்முடன் வருபவர் யாரென்று வழியிற் கண்டோர் வினவினர். எனக்கு வழிகாட்டுபவர் என்றார்கள் அவர்கள். கேட்டவர் பயண வழி என்று கொண்டார். அவர்கள் கருதியதோ நன்மையின் வழி. ஒரு சொல்லும் பொய்யில்லை. பகைவனுக்கு ஒரு சொல்லும் பயன்படவில்லை. பலாகத் பயிலும் மாணவர் யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு இது.

பஸராவின் ஹரீரி (1054-1122) இயற்றிய 50 மகாமாக்களுள் 32ஆவதில், பொருள் மயக்கம் கொண்ட 100 ஃபிக்ஹு வினாக்கள் வருகின்றன. உளூச் செய்தவர் தம் ‘நஃலின்’ முதுகைத் தொட்டால் என்ன சட்டம் என்று ஒரு வினா. நஃல் என்றால் செருப்பு; செருப்பைத் தொட்டால் உளூ முறியுமா என்று கேட்பவர் மருளுவார். முறியும் என்பது விடை. ஏனெனில் அச்சொல்லுக்கு மனைவி என்றும் பொருளுண்டு. ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த நம் கடற்கரை ஊர்களில் இச்சட்டம் சிறுவர்க்கும் தெரியும். அச்சொல்லின் மறுபொருள் தெரிவதுதான் அரிது.

36ஆவது மகாமாவில் வேறொரு வகை உண்டு. ஒரு சொல்லை இரண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் வேறு சொல்லால் பொருள் கூறி விடை கேட்பது அது. பசி என்பதற்கு ‘தவா’, உணவளிக்கப்பட்டது என்பதற்கு ‘மீர’. இரண்டும் எழுத்தில் கூடினால் ‘தவாமீர்’, அதாவது ஏட்டுச்சுருள்கள். இன்றைய ஆங்கிலக் குறுக்கெழுத்தில் நாள்தோறும் காணப்படும் முறையும் இதுவே.

ஹிராத்தின் அவைக்களம்

பாரசீக மொழியில் முஅம்மா கவிதையாகவே மலர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் ஹிராத் நகரில் மௌலானா ஜாமி (1414-1492) இதற்கு இலக்கணம் வகுத்துத் தனி நூல்கள் எழுதினார். அமீர் அலீஷேர் நவாயீயும் அவ்வாறே எழுதினார். ஈரடிக் கவிதை ஒன்று காதலையோ கண்ணீரையோ பாடுவது போலிருக்கும். ஆனால் அதற்குள் ஒருவருடைய பெயர் ஒளிந்திருக்கும். சொல்லை உடைப்பது தஹ்லீல், துண்டுகளைச் சேர்ப்பது தர்கீப், எழுத்தை நீக்குவது இஸ்காத், தலைகீழாக்குவது கல்ப், புள்ளியை மாற்றி வேறெழுத்தாக்குவது தஸ்ஹீஃப், எழுத்தை எண்ணாக மாற்றுவது ஹிஸாப். சொல்லின் தலை, கால், இதயம் என்று கூறி முதல், கடை, இடை எழுத்துகளைச் சுட்டுவதும் உண்டு. மேலே நாம் காட்டிய ‘தலையிழந்த பகல்’ ஹிராத்தின் அவைப்புலவருக்குப் பழகிய பாதையே.

அளவு மீறியவர்களும் இருந்தனர். நிஷாபூரின் மீர் ஹுஸைன் முஅம்மாயீ இத்துறையில் இணையற்றவர் என்றும், தம் காலம் முழுவதையும் இதிலேயே கழித்தார் என்றும் பேரரசர் பாபர் தம் வரலாற்றில் எழுதுகிறார். அதில் வியப்பும் உண்டு. இலேசான இரக்கமும் உண்டு.

அப்ஜத் கணக்கு நம்மவர்க்கு 786 என்னும் எண்ணால் அறிமுகமானது. பிஸ்மியின் எழுத்தெண்களைக் கூட்டினால் வருவது அது. இக்கணக்கைக் கொண்டு ஆண்டைச் சொற்களில் பதிப்பது பழைய வழக்கம். சென்னைத் திருவல்லிக்கேணியில் ஆற்காட்டு நவாப் வாலாஜாவின் பெயரால் விளங்கும் பெரிய பள்ளிவாசலுக்குச் சென்றால் இதைக் கண்ணாரக் காணலாம். ‘திக்ருல்லாஹி அக்பர்’ என்னும் தொடரே அங்கு ஆண்டைக் குறிக்கிறது. திக்ர் என்பதற்கு 920, அல்லாஹ் என்பதற்கு 66, அக்பர் என்பதற்கு 223. ஆகக் கூடுதல் ஹிஜ்ரி 1209. இதை இயற்றியவர் ராஜா மக்கன்லால் கிரத் என்னும் இந்துப் பெருமகனார். பள்ளிவாசலின் கல்லில் அவர் புலமை இன்றும் ஒளிர்கிறது.

இங்கிலாந்தில்

குறுக்கெழுத்துக் கட்டம் பிறந்தது 1913 டிசம்பர் 21இல். லிவர்ப்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் வேர்ல்டு இதழில் அதை வெளியிட்டார். அதை மறைபொருள் கலையாக மாற்றியவர் லண்டன் அப்சர்வர் இதழில் 1926 முதல் எழுதிய எட்வர்டு பாவிஸ் மாதர்ஸ். ஆயிரத்தோரு இரவுகளைப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் இவரே. முஅம்மாவிலிருந்து ஆங்கிலக் குறுக்கெழுத்து பிறந்தது என்று நாம் வாதிட வரவில்லை, அதற்குச் சான்றில்லை. இல்லாத பெருமையைத் தேடுவது அறிவுக்கு அழகன்று. ஒரே கூர்மை இரு வேறு மண்ணில் முளைத்தது என்பதே நேரிய முடிவு.

மாதர்ஸ் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்கிமாடா. வாசகரை வதைப்பவர் என்னும் நகைச்சுவைப் பொருளில் ஸ்பெயினின் முதல் தலைமை மதவிசாரணையாளர் பெயரைச் சூடிக்கொண்டார். 1939இல் அவர் மறைந்த பின் வந்த மக்நட் என்னும் ஆசிரியர் ஸீமெனீஸ் என்று பெயரிட்டுக்கொண்டார். ஸ்பெயினில் ஸீமெனீஸ் தெ ஸிஸ்நேரோஸ் என்னும் அப்பெயருடைய பாதிரியார் யாரென்று முஸ்லிம் வாசகர் அறிய வேண்டும். 1492இல் கிரனாடா வீழ்ந்தபோது முஸ்லிம்களின் மார்க்கத்திற்கு உடன்படிக்கையில் பாதுகாப்புத் தரப்பட்டிருந்தது. 1499இல் அங்கு வந்த இவர் அவ்வாக்கைக் காற்றில் பறக்கவிட்டுக் கட்டாய மதமாற்றம் செய்தார். அரபு நூல்களைத் திரட்டி நகரச் சதுக்கத்தில் எரித்தார். மருத்துவ நூல்கள் சிலவே தப்பின. சொல்லின் நுட்பத்தில் வாழும் ஒரு விளையாட்டின் பேராசான், நூல்களை எரித்தவர் பெயரால் விளங்கியது வரலாற்றின் வேடிக்கை.

எரிந்தவை போக எஞ்சிய முஸ்லிம்கள் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதி மார்க்கத்தைக் காத்தனர். நம் அரபுத்தமிழைப் போன்ற அதனை அல்ஜமியாதோ என்பர். 1609க்கும் 1614க்கும் இடையில் அவர்கள் நாடு கடத்தப்பட்டனர். 1884இல் அல்மொனாசித் என்னும் சிற்றூரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, தரைக்கும் பொய்த்தரைக்கும் நடுவே அவர்கள் ஒளித்து வைத்த சுவடிகள் வெளிவந்தன. ஒரு சமுதாயமே முஅம்மாவாக்கப்பட்டு, 270 ஆண்டுகளுக்குப் பின் விடுவிக்கப்பட்டது.

மீண்டும் சட்டத்திற்கு வருவோம். அஃப்ரீத் என்னும் நம் இஃப்ரீத்தின் பெயரைப் புனைபெயராகக் கொண்ட ரிச்சி என்பவர் 1949இல் ஒரு நெறி கூறினார். புதிர் போடுபவர் தாம் சொல்வது போல் தோன்றுவதையே கருத வேண்டியதில்லை; ஆனால் தாம் கருதுவதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். ஸீமெனீஸ் 1966இல் இதை நூலாக விரித்தார். வாயிலில்லாத வீடு கட்டாதே என்று இப்னு ஹஜர் (ரஹ்) சொன்னதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? முஆவியா (ரலி) வாயிலாக அபூதாவூதில் வரும் நபிமொழி, பிறரைத் தடுமாறச் செய்யும் வினாக்களைத் தடுக்கிறது. பயனற்றதும் பிறரை நாணச் செய்யக் கேட்பதுமே அத்தடைக்குள் அடங்கும் என்று இப்னு ஹஜர் இரண்டையும் இணைத்துக் காட்டினார்கள்.

1942 ஜனவரியில் டெய்லி டெலிகிராஃப் இதழ் 12 நிமிடங்களில் குறுக்கெழுத்தை முடிக்கும் போட்டி ஒன்றை நடத்தியது. அதில் கலந்துகொண்டோர் சிலருக்குப் பின்னர் அரசிடமிருந்து அழைப்பு வந்தது. ஜெர்மானியரின் மறையெழுத்துகளை விடுவித்த பிளெச்சிலி பார்க்கில் அவர்கள் பணியமர்த்தப்பட்டனர். அங்கே பெரும்பணி செய்தவர்கள் கணித மேதைகளே. எனினும், பகைவரின் செய்தியில் கட்டாயம் இருக்கக்கூடிய ஒரு சொல்லை ஊகித்து, அதைப் பிடியாகக் கொண்டு முன்னேறுவது அங்கும் முதன்மையான உத்தி. கலீல் அவர்கள் கிரேக்கக் கடிதத்தில் செய்ததும் அதுதான்.

நமக்குரிய பணி

மறையெழுத்தியலின் வரலாற்றை 1967இல் விரிவாக எழுதிய டேவிட் கான், அத்துறை அரபுகளிடையே பிறந்தது என்று தெளிவாக ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்குக் கிட்டியது கல்கஷந்தியின் பகுதியே. கிந்தியின் நூல் இஸ்தான்பூலின் சுலைமானிய்யா நூலகத்தில் அயாசோஃபியாத் தொகுப்பில் உறங்கிக் கிடந்தது. சிரியாவின் அறிஞர் மூவர் அதை ஆராய்ந்து 1987இல் திமிஷ்கில் பதிப்பித்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அது காத்திருந்தது. திறந்து படிக்க ஒருவர் வந்ததும் வரலாற்று நூல்களில் ஓர் அத்தியாயமே மாறிற்று.

அந்நூல் அழியாமல் இருந்ததால்தான் இது நிகழ்ந்தது. நம் வீடுகளின் நிலை என்ன? பாட்டனார் விட்டுச்சென்ற கிதாபுப் பெட்டிகள் பரணில் இருக்கின்றன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் மகானி, ஃபத்ஹுத் தய்யான் போன்ற அரபுத்தமிழ் நூல்களைப் பாட்டிமார் சரளமாக ஓதினர். பேரப்பிள்ளைகளுக்கோ அவ்வெழுத்தே முஅம்மாவாகிவிட்டது. கிரனாடாவில் நூல்களுக்குத் தீயிட ஒருவர் வர வேண்டியிருந்தது. நம் பரணில் கரையான் ஒன்றே போதும்.

ஆகவே பெற்றோர் குறுக்கெழுத்தில் ஈடுபடும் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். தொழுகை நேரமும் பாட நேரமும் தவறாத வரையில் அது மூளைக்கு நல்ல பயிற்சி. சொல்லின் வேரைத் தேடும் பழக்கம் அதில் உண்டு. அப்பழக்கத்தோடு அப்பிள்ளையை அரபுத்தமிழின் பக்கமும் திருப்புங்கள். பெட்டியைத் திறந்து, தூசி தட்டி, தலைப்புகளை ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்தை ஊரில் ஓதத் தெரிந்த முதியவரிடம் கொண்டு செல்லுங்கள். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுவது நலம். வாயில் இன்னும் அடைபடவில்லை.

அன்று அவையில் விடை அறிந்தும் மௌனம் காத்த இளைஞர், பிற்காலத்தில் எண்ணற்ற நபிமொழிகளை உலகுக்கு வழங்கினார். நம் இளைஞரும் முன்னோர் மறைத்து வைத்த செல்வத்தை விடுவித்து வழங்க வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.